சென்னை – சிங்கப்பூர்: எத்தனை மைல்? எத்தனை மணி?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். ஒருவர் 2900 என்பார். இன்னொருவர் 1800 என்பார். விமானத் துறையில் வேலை பார்ப்பவர் 1570 என்பார். பயண நேரத்தைக் கேட்டாலோ குழப்பம் இன்னும் கூடும். போகும்போது ஆறே முக்கால் மணி, திரும்பும்போது ஒன்றே முக்கால் மணி என்று டிக்கெட்டைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு.

தூரம் பற்றிய அந்த மூன்று பதில்களும் சரியே. நேரம் பற்றிய இரண்டும் தவறு.

கடை நடத்துகிற நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வெற்றிலை, வாழையிலை, மல்லிகை என்று ஒரு நாள் தாமதித்தாலும் விலை போகாத சரக்குகள் நம் ஊர் மண்டிகளிலிருந்து விமானம் ஏறுகின்றன. நேரடியாக ஏற்றுமதி செய்பவர்கள் சிலரே. அவர்களுக்குச் சரக்குக் கொடுக்கும் மண்டிக்காரர்களும், சிப்பம் கட்டிக் கொடுப்பவர்களும், வேன் அனுப்புபவர்களும் பலர். "நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர் போய்விடும்" என்ற ஒரு வாக்கியத்தை நம்பி விலை பேசினால் கணக்கு உதைக்கும். அந்த நாலு மணி நேரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் தூரம். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 2900 கிலோமீட்டர். சாதாரண மைல் என்பது 1.609 கிலோமீட்டர், அந்தக் கணக்கில் சுமார் 1800. கப்பல்காரர்களும் விமானிகளும் பயன்படுத்துவது கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் சுமார் 1570. தூரம் ஒன்று, அளவுகோல் மூன்று. வீசையும் ராத்தலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டு நின்ற காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கிய பிறகு நம் கடைகளில் அந்தத் தொல்லை படிப்படியாக ஒழிந்தது. வானத்திலும் கடலிலும் பழைய மைல் இன்றும் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. பூமியின் வடதெற்கு அளவை 360 பாகைகளாகவும், ஒரு பாகையை 60 கலைகளாகவும் பிரித்தால், ஒரு கலையின் நீளம் ஏறத்தாழ ஒரு கடல் மைல். வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் தூரத்தை எண்ணிவிடலாம் என்பதால் மாலுமிகள் அதை விடவில்லை. விமானிகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த 2900 கிலோமீட்டர் என்பது சாலைத் தூரம் போல அளந்து சொன்னது அல்ல. பூமி உருண்டையின் மேல் சென்னையில் ஒரு முனை, சிங்கப்பூரில் ஒரு முனை வைத்து ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த நூலின் நீளம். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது வேறு. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானம் கிரீன்லாந்துப் பக்கம் ஏறி வளைந்து போவது தட்டைப் படத்தில் வீண் சுற்றாகத் தெரியும். உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அதுதான் குறுக்கு வழி. நம் வழித்தடம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நமக்கு அந்த வித்தியாசம் மிகச் சிறியது. நூல் வங்காள விரிகுடாவைக் கடந்து, நிக்கோபாரின் தென்முனைக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் அருகாகப் போய், மலாக்கா நீரிணை வழியே சிங்கப்பூரைத் தொடும்.

விமானம் அந்த நூலின் மேலேயே பறக்கிறதா என்றால், கிட்டத்தட்ட. வானத்திலும் சாலைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டுத்தான் போக வேண்டும். ஒரே பாதையில் பல விமானங்கள் வரும்போது உயரம் மாற்றி அனுப்புவார்கள். இறங்கும் இடத்தில் வரிசை இருந்தால் வட்டமடிக்க வைப்பார்கள். புயல் மேகம் இருந்தால் விமானி ஒதுங்கிப் போவார். எனவே நூல் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே பறக்க நேரும். சில தடங்களில் இந்தக் கூடுதல் பெரிதாகவும் ஆகும். 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோதும், 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மட்டும் மூடியபோதும், டில்லியிலிருந்து மேற்கே போன நம் விமானங்கள் தெற்கே சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஊர்கள் நகரவில்லை, தூரம் கூடிவிட்டது. சென்னை – சிங்கப்பூர் தடம் கடல்மேல் போவதால் அந்தத் தொல்லை நமக்கு இல்லை.

இனி நேரம். இந்தத் தடத்தில் பறக்கும் ஜெட் விமானம் உயரத்துக்குப் போய்ச் சீரான வேகம் பிடித்த பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் போகும் என்று வைத்துக்கொள்வோம். 2900-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம் வருகிறது. ஆனால் கால அட்டவணையில் நாலேகால் மணி நேரம் என்ற அளவில் போட்டிருக்கும். மீதி முக்கால் மணி எங்கே போயிற்று?

லாரியை நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கிறோம் அல்லவா? விமானத்துக்கும் அப்படியே. இங்கே கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து அங்கே கட்டையை வைக்கும் நிமிடம் வரை உள்ளதைத்தான் பயண நேரம் என்று அட்டவணையில் போடுகிறார்கள். விமானத் துறையில் அதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னே நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மெதுவாக மேலே ஏறுவது, மெதுவாகக் கீழே இறங்குவது, இறங்கிய பின் மறுபடி ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடங்கும். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று காட்டுவதற்காகக் கம்பெனிகள் கையில் கொஞ்சம் கூட்டி வைப்பதும் உண்டு. "இன்று பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பது பெரும்பாலும் இப்படிக் கூட்டி வைத்த நிமிடங்கள்தான்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையிலிருந்து துபாய் எவ்வளவு தூரம் தெரியுமா? அதுவும் சுமார் 2900 கிலோமீட்டரே! நம் ஊரை நடுவில் வைத்தால் கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் தராசுத் தட்டுகள் போல ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பறக்கும் நேரம் போகும் திசைக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு. கீழே காற்று தென்மேற்கிலிருந்து வீசும். மேலே அதற்கு நேர் எதிராக ஓடும். இந்தக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இது மிக வலுவாக இருக்கும். 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானங்களுக்கும் இதன் தள்ளுதல் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் பின்னாலிருந்து தள்ளினால் 830 என்பது 880 ஆகும். 2900 கிலோமீட்டரை 3 மணி 18 நிமிடத்தில் கடக்கலாம். அதே காற்று முகத்தில் அடித்தால் 780 ஆகும். 3 மணி 43 நிமிடம் பிடிக்கும். வித்தியாசம் 25 நிமிடம். இந்த 25 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை வேறொரு 25 நிமிடத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ஆறே முக்கால் மணி, ஒன்றே முக்கால் மணி என்ற குழப்பம் கடிகாரத்தால் வருவது. டிக்கெட்டிலும் அட்டவணையிலும் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் போட்டிருக்கும். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அவர்கள் முன்னால் இருக்கிறார்கள். சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் பிற்பகல் 2.15. சிங்கப்பூர்க் கடிகாரத்தில் 4.45. அங்கே காலை 10 மணிக்குக் கிளம்பித் திரும்பினால் சென்னையில் 11.45-க்கே இறங்கிவிடலாம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதே 10 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் அங்கே 12.45 காட்டும். மூன்றிலும் பறந்த நேரம் ஒன்றுதான்.

ஊர் நேரம் என்பது மனிதர்கள் முடிவு செய்வது, மாறவும் செய்யும். நம் நாட்டிலேயே 1906-க்கு முன் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. அது இன்றைய இந்திய நேரத்தைவிட ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தது. சிங்கப்பூருக்கும் நமக்கும் முன்பு இரண்டு மணி நேர வித்தியாசம்தான் இருந்தது. 1982 புத்தாண்டு பிறந்தபோது மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டன. அதனால்தான் இரண்டரை ஆயிற்று. அதற்கு முன் அங்கே வியாபாரம் செய்து திரும்பிய பெரியவர்கள் "ரெண்டு மணி நேரம்" என்று சொன்னால் அவர்கள் சொல்வதும் தவறில்லை.

இரவு விமானத்தில் தேதியும் மாறும். இரவு 11.30-க்குக் கிளம்பினால் மறுநாள் காலை 6.15-க்கு இறங்கும். செவ்வாய் இரவு ஏற்றிய சரக்கு புதன்கிழமைச் சரக்கு. வாங்குபவர் "புதன் காலை வேண்டும்" என்று கேட்டால் செவ்வாய் இரவே ஏற்றியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பூவுக்கு இது மிக முக்கியம்.

<b>சரக்கின் கடிகாரம்</b>

இதுவரை சொன்னது விமானத்தின் நேரம். சரக்கின் நேரம் வேறு. நிலக்கோட்டைப் பக்கம் பறித்த மல்லிகையை எடுத்துக்கொள்வோம். குழப்பம் வராமல் இருக்க எல்லாவற்றையும் இந்திய நேரத்திலேயே சொல்கிறோம்.

காலை 5 மணிக்குப் பறிக்கிறார்கள். 8 மணிக்குப் பூ மார்க்கெட்டில் விலை படிகிறது. தரம் பிரித்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டி முடிக்க 11 மணி. அங்கிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 125 கிலோமீட்டர். வேன் போய்ச் சேர 2.30 ஆகிறது என்று வையுங்கள். தாவர நலச் சான்றிதழ், சுங்கத் துறை, எடை போடுதல், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிய மாலை 6, 7 மணி. இரவு 11.30-க்கு விமானம். விடியற்காலை 3.45-க்குச் சிங்கப்பூரில் இறங்குகிறது. இறக்கி, அங்கத்திய சோதனை முடிந்து, இறக்குமதியாளர் வேனில் ஏற 7 மணி. சிராங்கூன் சாலைக் கடைக்குப் போக 8 மணி. அங்கே அப்போது காலை 10.30.

ஆக, செடியிலிருந்து கடைக்கு 27 மணி நேரம். இதில் விமானத்தின் பங்கு நாலேகால் மணி. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் தரையில் கழிந்த நேரம். பூ வாடுவது தரையில்தான்.

இப்போது அதே பூவைச் சென்னை வழியாக அனுப்பிப் பாருங்கள். வானத்தில் சென்னைதான் சிங்கப்பூருக்குப் பக்கம். திருச்சி சுமார் 60 கிலோமீட்டர் கூடுதல். ஐந்து நிமிடம்கூட இல்லாத வித்தியாசம். தரையிலோ நிலக்கோட்டையிலிருந்து சென்னை சுமார் 450 கிலோமீட்டர். 11 மணிக்குக் கிளம்பும் வேன் இரவு 8 மணிக்குத்தான் மீனம்பாக்கம் சேரும். அன்றிரவு விமானத்துக்குச் சரக்கு வாங்கும் நேரம் முடிந்திருக்கும். மறுநாள் விமானம்தான். காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துச் சரக்குக்குச் சென்னை சரி. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சரக்குக்குத் திருச்சி சரி. வரைபடத்தில் தூரம் பார்த்து விமான நிலையத்தைத் தேர்வு செய்தால் வானத்தில் ஐந்து நிமிடம் மிஞ்சும். தரையில் ஆறு மணி நேரம் போகும்.

சென்னையின் அனுகூலத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கே விமானங்கள் அதிகம். பெரிய விமானங்களும் வருகின்றன. பெரிய விமானத்தில் சரக்கைப் பலகையில் அடுக்கி வலை போட்டு ஏற்றுவார்கள். சிறிய விமானத்தில் பெரும்பாலும் பெட்டி பெட்டியாகக் கையால் ஏற்றுகிறார்கள். கதவின் உயரமும் குறைவு. பயணிகள் நிறைந்து மூட்டை முடிச்சும் அதிகமானால் முதலில் நிறுத்தப்படுவது வியாபாரச் சரக்குதான். ஏனென்றால் விமானம் சிங்கப்பூருக்குப் போக மட்டும் எரிபொருள் எடுப்பதில்லை. அங்கே இறங்க முடியாவிட்டால் ஜொகூருக்கோ வேறு ஊருக்கோ போகவும், மேலே காத்திருக்கவும் சேர்த்தே நிரப்பியாக வேண்டும். எதிர்க்காற்று அதிகமுள்ள நாளில் எரிபொருள் இன்னும் கூடும். எடைக்கு வரம்பு உண்டு; பயணியை இறக்க முடியாது; பெட்டி இறங்கும். எனவே 'புக்கிங் இருக்கிறது' என்ற பதிலோடு நிற்காமல், விமானம் பெரியதா சிறியதா, இடம் உறுதியா, நின்றுபோனால் அடுத்த விமானம் எப்போது, அதுவரை பெட்டி குளிர் அறையில் இருக்குமா என்று கார்கோ ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த 25 நிமிடத்துக்கு வருவோம். வானத்தில் எதிர்க்காற்றால் 25 நிமிடம் தாமதமானால் சிங்கப்பூர்க் கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது. தரையில் சரக்கு வாங்கும் நேரத்துக்கு 25 நிமிடம் பிந்தி நம் வேன் போனால் ஒரு நாள் போகிறது. மல்லிகைக்கு ஒரு நாள் என்பது முழு விலை.

கொழும்பு வழியாக மாறிப் போகும் விமானத்தில் வாடகை குறைவு என்று சொன்னாலும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சென்னை – கொழும்பு சுமார் 650, கொழும்பு – சிங்கப்பூர் சுமார் 2750, மொத்தம் 3400. தூரத்தில் கூடுவது 500 கிலோமீட்டர்தான், அதாவது பறப்பதில் முக்கால் மணிக்கும் குறைவு. கூடவே இன்னொரு முறை ஏறி இறங்கும் நேரம். ஆனால் கேட்க வேண்டியது கொழும்பில் பெட்டி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை. வற்றலுக்கும் மசாலாவுக்கும் எட்டு மணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது. கறிவேப்பிலைக்கு ஆகும்.

<b>தூரம் ஒன்று, வாடகை வேறு</b>

லாரி வாடகையில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசிப் பழகிவிட்டோம். விமானத்தில் அப்படி இல்லை. சிங்கப்பூரும் துபாயும் ஒரே தூரம் என்பதால் ஒரே வாடகை என்று எதிர்பார்க்க முடியாது. எந்தத் தடத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை ஏறி இறங்கும்.

மேலும், எடை என்று அவர்கள் சொல்வது தராசு எடை மட்டும் அல்ல. பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். அதில் வருவதும் தராசு எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் வாடகை. 60, 40, 40 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 96,000. 6000-ஆல் வகுக்க 16 கிலோ. உள்ளே 9 கிலோ கறிவேப்பிலைதான் இருந்தாலும் 16 கிலோவுக்குக் கொடுக்க வேண்டும். அதே பெட்டியில் சின்ன வெங்காயம் நிரப்பினால் தராசு எடை 16-ஐத் தாண்டும். அப்போது தராசுக் கணக்கு. கீரை, பூ, இலை அனுப்புபவர்கள் பெட்டியின் அளவை ஏஜெண்டிடம் கேட்டு முடிவு செய்வதே கட்டுப்படியாகும்.

எடைப் படிகளையும் பார்க்க வேண்டும். 45 கிலோவுக்குக் கீழே ஒரு விலை, 45-க்கு மேல் ஒரு விலை, 100-க்கு மேல் ஒரு விலை என்று குறைந்துகொண்டே போகும். கணக்குக்காக, 45-க்குக் கீழ் கிலோ 100 ரூபாய், மேலே 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 42 கிலோவுக்கு 4200. அதையே 45 கிலோ என்று போட்டால் 3825. 42 கிலோவை 45 கிலோ விலையில் போடச் சொல்லிக் கேட்கலாம், வழக்கத்தில் உள்ளதுதான். மூன்று கிலோ சரக்கையே கூடுதலாகச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.

கடைசியாக அட்டவணை. விமானக் கால அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு ஒன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒன்று. சிங்கப்பூரிலும் துபாயிலும் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இப்போது இல்லை. ஆனால் லண்டன் போன்ற ஊர்களில் மாற்றுகிறார்கள். குளிர்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி. அங்கே ஒரு விமானத்தின் நேரம் மாறினால் அதே விமானம் வந்து போகும் மற்ற ஊர்களிலும் நேரம் மாறும். துபாய்க்கு அனுப்புபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 2022 ஜனவரி முதல் அங்கே அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளிக்கிழமை அரை நாள். வெள்ளி, சனி விடுமுறை என்பது பழைய கணக்கு. மார்ச், அக்டோபர் மாதக் கடைசியில் ஏஜெண்டிடம் புதிய அட்டவணையை வாங்கி, சரக்கு ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரத்தைச் சிப்பம் கட்டும் இடத்தில் எழுதி ஒட்டிவிட்டால் வேன் டிரைவருக்கும் அது தெரிந்திருக்கும்.